'உள்ளே ஏதோ இருக்கிறது' என்றது கணினி

எங்கள் தொழிலில் எதையும் அழிக்க மனம் வராது. நேயர் ஒருவர் தொலைபேசியில் சிரித்த 8 விநாடிச் சிரிப்பைக்கூட 'என்றாவது உதவும்' என்று எடுத்து வைப்போம். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு ஒரு பேட்டியைத் தொகுக்க வேண்டும். இடமில்லை. அழிக்க உட்கார்ந்தேன்.

அன்று இரவு நான் அழித்தது என் பாட்டியின் குரலை.

நடந்ததைச் சொல்ல, முதலில் என் மடிக்கணினியின் கதையைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பல்கலைக்கழக விடுதியிலிருந்து கிளம்பிய சித்தப்பா மகன் எங்கள் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டான். கணினித் துறை மாணவன். கையும் காலும் சும்மா இராது. எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்த என் பழைய மடிக்கணினியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, உபுண்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். ஒரு வெள்ளி செலவில்லை. கணினியும் புதிதாக வாங்கியதுபோல ஓடியது. கூடவே ஒரு கறுப்புத் திரையையும் திறந்து காட்டினான். "அக்கா, மவுஸை நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. இங்க ரெண்டு எழுத்து தட்டினா வேலை முடிஞ்சிரும்."

டெர்மினல் என்கிற அந்தத் திரைதான் லினக்ஸின் கட்டளை வரி. நாம் எழுத்தில் சொல்வோம், அது செய்யும். கேள்வி கேட்காமல் செய்யும் என்பதுதான் அதன் பெருமையும் ஆபத்தும். (கட்டளைகளை வானொலியில் மின்னஞ்சல் முகவரி வாசிப்பதுபோல எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வருமிடத்தில் நானே சொல்லிவிடுவேன்.)

லினக்ஸில் கோப்புறையை டைரக்டரி என்பார்கள். அதை நீக்க ஆர்-எம்-டி-ஐ-ஆர் என்று ஒரு கட்டளை. 'ரிமூவ் டைரக்டரி' என்பதன் சுருக்கம். கோப்புகளை நீக்க அதைவிடச் சின்னதாக ஆர்-எம், இரண்டே எழுத்து. இரண்டும் என்னைவிட மூத்தவை. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸுக்கு 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே இரண்டும் இருக்கின்றன.

இதில் ஆர்-எம்-டி-ஐ-ஆர் ஒரு நல்ல பிள்ளை. காலியான கோப்புறையை மட்டும்தான் நீக்கும். உள்ளே ஒரு துரும்பு இருந்தாலும் 'டைரக்டரி நாட் எம்ப்டி' என்று மறுத்துவிடும்.

அன்று இரவு நான் முதலில் தட்டியது இந்த நல்ல பிள்ளையைத்தான். பழைய நிகழ்ச்சிகளின் கோப்புறைகள் சிலவற்றை ஏற்கெனவே வேறிடத்துக்கு மாற்றியிருந்தேன். வெறும் கூடுதான் மிச்சம் என்று நினைத்து நீக்கப் போனால், 'நாட் எம்ப்டி' என்கிறது. எல்-எஸ் என்று தட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மறுபடி நீக்கச் சொன்னேன். மறுபடி 'நாட் எம்ப்டி'. மணி பதினொன்றரை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர் உள்ள கோப்புகள் மறைந்திருக்கும். சும்மா எல்-எஸ் என்றால் அவை கண்ணில் படாது. கழித்தல் குறியும் ஏ-யும் சேர்த்து எல்-எஸ் மைனஸ் ஏ என்றால்தான் வெளியே வரும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கும் மேக் கணினியில் அந்த டிஸ்க்கைச் செருகும் ஒவ்வொரு முறையும், திறந்த கோப்புறைகளில் எல்லாம் 'புள்ளி டி-எஸ் ஸ்டோர்' என்று ஒரு சின்னக் கோப்பை அது விட்டுச் சென்றிருக்கிறது. படங்களை எங்கே வைத்துக் காட்டுவது என்பது போன்ற விவரம்தான் அதில் இருக்கும். விருந்தாளி மறந்துவிட்டுப் போன குடை மாதிரி.

குடையைத் தேடும் பொறுமை எனக்கில்லை. தம்பி எப்போதோ தட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது: ஆர்-எம், ஓர் இடைவெளி, கழித்தல் குறி, ஆர்-எஃப், பிறகு கோப்புறையின் பெயர். தட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் கோப்புறை மறைந்தது. அடுத்தது. மறைந்தது. என்ன சுகம் தெரியுமா! பத்து நிமிடத்தில் பதினைந்து கோப்புறைகள் காலி. கைக்கு வேகம் வந்துவிட்டது.

கடைசியாகப் 'பாட்டி ஓல்ட்' என்ற கோப்புறை.

என் பாட்டி சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 2018-இல், அவருடைய 84-ஆவது வயதில், அவர் பேசுவதை நான் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினேன். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நடந்தது, மங்கு துடைத்தது, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போன நாளில் அழுதது என்று எல்லாம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்த கதை வாரத்துக்கு ஒருமுறை வரும். ஆனால் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத அவருடைய அண்ணனைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். மொத்தம் 41 பதிவுகள். 2022-இல் பாட்டி இறந்துவிட்டார்.

அந்த 41 பதிவுகளும் 'பாட்டி' என்ற கோப்புறையில் இருந்தன. 'பாட்டி ஓல்ட்' என்பது வேறு. தொடக்கத்தில் கைப்பேசியில் சோதனையாகப் பதிந்த இரைச்சல் துண்டுகள். அழிக்க வேண்டியது அதைத்தான். நான் தட்டியது: ஆர்-எம், இடைவெளி, மைனஸ் ஆர்-எஃப், இடைவெளி, பாட்டி, இடைவெளி, ஓல்ட்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள்.

டெர்மினலுக்கு இடைவெளி என்றால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று பொருள். நான் ஒரு பெயரைச் சொன்னதாக நினைத்தேன். அது இரண்டு பெயர்களாகக் கேட்டது: 'பாட்டி' ஒன்று, 'ஓல்ட்' ஒன்று. 'பாட்டி' இருந்தது, அழித்தது. 'ஓல்ட்' என்று தனியாக எதுவும் இல்லை. எஃப் சேர்த்திருந்ததால் அதைப் பற்றி முணுமுணுக்கவும் இல்லை. எஃப் என்பது 'ஃபோர்ஸ்'. எதையும் கேட்காதே, சொன்ன பெயர் இல்லாவிட்டாலும் புகார் சொல்லாதே என்று அதற்குப் பொருள். அது சொன்னபடி நடந்துகொண்டது.

எல்-எஸ் தட்டிப் பார்த்தேன். 'பாட்டி ஓல்ட்' அப்படியே இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய 'பாட்டி' இல்லை. இடைவெளி உள்ள பெயர் என்பதால் திரையில் அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறிகள் இருந்தன. பல மாதங்களாக அந்தக் குறிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகுக்குப் போட்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். 'என்னைக் கூப்பிடும்போது இதையும் சேர்த்துக் கூப்பிடு' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை.

குப்பைத் தொட்டியைத் திறந்தேன். காலி. கட்டளை வரியில் ஆர்-எம் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போவதே இல்லை.

தம்பியை எழுப்பினேன். இப்போது அவன் பினாங்கில் வேலை பார்க்கிறான். தூக்கக் கலக்கத்திலும் அவன் முதலில் சொன்னது: "அக்கா, அந்த டிஸ்க்ல இனிமே ஒன்னும் சேவ் பண்ணாதீங்க. திறந்து பாக்கவும் வேணாம். கழட்டி வைங்க." ஏன் என்று கேட்டேன். "அழிச்சது இன்னும் அங்கதான் இருக்கு. மேல வேற ஏதாவது எழுதினாத்தான் போகும்."

எங்கள் பழைய நிலையங்களில் ஒலிநாடா நூலகம் என்று ஓர் அறை இருக்கும். பதிவேட்டில் நிகழ்ச்சியின் பெயர், எதிரே அலமாரி எண். தேவையில்லை என்றால் பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிடுவார்கள். நாடா அதே இடத்தில் இருக்கும். யாராவது எடுத்து அதன்மேல் வேறு ஒன்றைப் பதியும்வரை பழைய குரல் அதில் இருக்கும். லினக்ஸில் கோப்புறை என்பது கிட்டத்தட்ட அந்தப் பதிவேடுதான். பெயர், எதிரே ஓர் எண். ஆர்-எம் செய்வது வரியை அடிப்பது. ஒரு கோப்பைச் சுட்டும் கடைசி வரியும் போய்விட்டால், அது இருந்த இடம் 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

காலியாக இல்லாத கோப்புறையை நீக்க லினக்ஸ் ஏன் மறுக்கிறது என்பதும் இதிலேயே விளங்கும். வரிகள் இருக்கும்போதே பதிவேட்டைக் கிழித்தெறிந்தால், அலமாரியில் இருக்கும் நாடாக்கள் எல்லாம் யாருக்கும் எட்டாமல், ஆனால் இடத்தையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். மைனஸ் ஆர் சேர்த்தால் இந்த விதியை அது மீறிவிடுவதாக நினைத்திருந்தேன். இல்லை. ஆர் என்றால் உள்ளுக்குள் உள்ளாக இறங்கிப் போவது. ஆக உள்ளே இருக்கும் கோப்புறைக்குப் போய், கோப்புகளை ஒவ்வொன்றாக அடித்து, அது காலியானதும் அதை நீக்கி, ஒரு படி வெளியே வந்து மீண்டும் அதையே செய்யும். கடைசியில் நீங்கள் சொன்ன கோப்புறையும் காலியாகித்தான் நீங்குகிறது. பாட்டியின் கோப்புறையையும் 41 பதிவுகளையும் ஒன்று விடாமல் காலி செய்துவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறது.

இப்படி மாட்டிக்கொண்டது நான் மட்டுமல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல். 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் இதே கட்டளையை ஓட்டிவிட்டார். அப்போது தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஓரன் ஜேக்கப் பின்னாளில் சொன்ன கதை இது: வுடி பொம்மையின் கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே முதலில் தொப்பி, பிறகு காலணி, பிறகு வுடியே காணாமல் போயிருக்கிறது. ஓடிப்போய்க் கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கினார்கள். காப்பு நகல் இருக்கிறதே என்று பார்த்தால், அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. கேலின் சூஸ்மன் என்ற அதிகாரி, குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகப் படத்தின் நகலை வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின் இருக்கையில் குழந்தையை வைப்பதுபோல வைத்துக் கொண்டுவந்தார்களாம். உங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

இடைவெளி விஷயத்தில் என் அண்ணன்முறை ஒன்று உண்டு. 2011-இல் 'பம்பிள்பீ' என்ற லினக்ஸ் மென்பொருளை நிறுவும் நிரலில் ஒரு வரியில் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. 'யு-எஸ்-ஆர்' கோப்புறையின் உள்ளே எங்கோ இருக்கும் ஒரு சின்னக் கோப்புறையை நீக்க வேண்டிய கட்டளை, நடுவில் விழுந்த இடைவெளியால் 'யு-எஸ்-ஆர்' முழுவதையும் நீக்கியது. கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருக்கும் இடம் அது. நிறுவப் போனவர்களின் லினக்ஸே போய்விட்டது. ஒரே ஓர் இடைவெளி!

2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இன்னொரு வகை. களைத்துப்போன பொறியாளர் ஒருவர், கட்டளையைச் சரியாகத்தான் தட்டினார். ஆனால் தவறான கணினியில். துணைக் கணினி என்று நினைத்து முதன்மைக் கணினியின் தரவுக் கோப்புறையை நீக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு நகல் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மூடி மறைக்காமல் முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பொறியாளர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

வேருக்கே வெட்டு விழக்கூடாது என்பதற்கு ஒரு காவலும் பிறகு வந்தது. கணினி முழுவதற்கும் வேரான சாய்கோட்டைத் தனியாகச் சொல்லி அழிக்கச் சொன்னால், 2006 முதல் லினக்ஸின் ஆர்-எம் மறுத்துவிடும். ஆனால் சாய்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி ஒட்டிக்கொண்டால் காவலும் போய்விடும். 'வேர்' என்று சொல்லாமல் வேரில் இருக்கும் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகிவிடும். நட்சத்திரத்தைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் பயம் இருக்கட்டும்.

இப்போது நான் எப்படி அழிக்கிறேன் என்று கேட்டால், முதலில் அழிக்க மாட்டேன். எந்தப் பெயரை அழிக்கப் போகிறேனோ அதே பெயரோடு எல்-எஸ் மைனஸ் ஏ தட்டுவேன். பெயரில் இடைவெளி பற்றிய குழப்பம் இருந்தால் அங்கேயே வெளியாகிவிடும். பெயரை முழுவதும் தட்டுவதும் இல்லை. இரண்டு எழுத்து தட்டிவிட்டு டேப் விசையை அழுத்துகிறேன்; மீதியைக் கணினியே நிரப்பும், இடைவெளி இருந்தால் அதற்கு உரிய குறியையும் சேர்த்துக்கொள்ளும். காலி என்று நான் நம்பும் கோப்புறைக்கு அந்த நல்ல பிள்ளைக் கட்டளைதான். அது 'நாட் எம்ப்டி' என்றால் இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை, போய்ப் பார்க்கிறேன்.

காலியில்லாததை நீக்க மைனஸ் ஆர் போதும். எஃப் பெரும்பாலும் தேவையே இல்லை. ஆர்-எம் மைனஸ் ஆர் கூட நம் சொந்தக் கோப்புகளைக் கேள்வி கேட்காமல்தான் அழிக்கும். எஃப் சேர்த்தால் போவது, பெயர் தவறு என்ற புகாரும், பூட்டி வைத்த கோப்பை அழிக்கவா என்ற கேள்வியும்தான். அந்த இரண்டும் எனக்கு வேண்டும்.

எஃப்-க்குப் பதிலாக ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ சேர்க்கிறேன். அப்படிச் செய்தால் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: 'இத்தனை பெயர்களையும் உள்ளிருப்பதோடு சேர்த்து நீக்கவா?' எத்தனை என்ற எண்ணையும் சொல்லும். இதைச் சோதித்துப் பார்க்க, போலியாக அதே பெயர்களில் இரண்டு கோப்புறைகள் செய்து, அன்று செய்த அதே தவற்றை மறுபடி செய்தேன். 'இரண்டு' என்று கேட்டது. நான் ஒன்றைத்தான் சொன்னதாக நினைத்திருந்தேனே! அந்த ஓர் எண் அன்று போதுமாக இருந்திருக்கும். சின்ன எழுத்து ஐ போட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும். நான்காவது கேள்விக்கே கை தானாக 'ஒய்' தட்ட ஆரம்பித்துவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் ஆர்-எம் பக்கமே போவதில்லை. உபுண்டுவில் ஜி-ஐ-ஓ ட்ராஷ் என்று தட்டிப் பெயரைக் கொடுத்தால், கோப்புறை நிரம்பியிருந்தாலும் குப்பைத் தொட்டிக்குப் போகும். வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். தம்பி முதல் நாளே இதைச் சொல்லித் தந்திருக்கலாம் என்று அவனிடம் சண்டை போட்டேன். "நீங்க கேக்கலையே அக்கா" என்றான்.

அலுவலகத்தில் மேக் வைத்திருப்பவர்களும், மேகக் கணினிகளை இயக்கும் இளையவர்களும் 'நமக்கென்ன, இது லினக்ஸ்' என்று தாண்டிப் போக வேண்டாம். மேக்கின் டெர்மினலிலும் இதே ஆர்-எம்தான். வாடகைக்கு எடுக்கும் மேகக் கணினிகளில் ஓடுவதும் பெரும்பாலும் லினக்ஸ்தான்.

பாட்டிக்கு வருகிறேன். தம்பி அடுத்த சனிக்கிழமை பேருந்து ஏறி வந்தான். 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். பதிவேட்டைப் பார்க்காமல், அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நாடாவையும் எடுத்துக் கேட்டுப் பார்க்கும் வேலையைத்தான் அது செய்கிறது. நான் பதிவு செய்த வேவ் வகைக் கோப்புகள் எல்லாம் ஆர்-ஐ-எஃப்-எஃப் என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கும். அந்த நான்கு எழுத்தைத் தேடி டிஸ்க் முழுவதையும் படிக்கிறது. கிடைப்பதை வேறு ஒரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். அதிலேயே எழுதினால் மிச்சமிருப்பதையும் நாமே அழித்துவிடுவோம். என்னுடையது பழைய சுழலும் டிஸ்க் என்பது அதிர்ஷ்டம். இப்போதைய எஸ்எஸ்டி வகையாக இருந்தால், அழித்த இடங்களை அதுவே துடைத்து வைத்துவிடும் வாய்ப்பு அதிகம் என்றான்.

இரவு முழுக்க ஓடியது. மற்ற நிகழ்ச்சிகளின் குப்பைகளோடு கலந்து பாட்டியின் பதிவுகள் 33 கிடைத்தன. எட்டு வரவில்லை. வந்தவற்றிலும் சில நடுவில் அறுந்திருந்தன. ஒரே கோப்பு டிஸ்க்கில் துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் இருந்தால் இந்த முறையில் ஒட்ட முடியாது. அண்ணனைப் பற்றிய பதிவு கிடைத்தது. பதினோராவது நிமிடத்தில், அண்ணனை லாரியில் ஏற்றிய இடத்தில், நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பாட்டி என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. என் வாயால் சொல்லலாம். அவர் குரலில் இல்லை.

பெயர்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீண்ட எண்ணும், அவ்வளவுதான். எது பெரட்டுக் கதை, எது கல்யாணக் கதை என்று கேட்டுப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். இரவு நிகழ்ச்சி முடிந்து வந்ததும் ஒன்று கேட்பேன். பதிவு செய்தபோது இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. பின்னணியில் சேவல் கூவுகிறது, அம்மா சமையலறையிலிருந்து என்னைத் திட்டுகிறார், பாட்டி நடுவில் நிறுத்தி "இது ஓடுதா?" என்று கேட்கிறார்.

இதுவரை 24 பதிவுகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. ஒரு நகல் தம்பியிடம் பினாங்கில், இன்னொன்று அத்தை வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள். மீதி ஒன்பதை இந்தத் தீபாவளிக்குள் முடிக்க வேண்டும். 'பாட்டி ஓல்ட்' கோப்புறை இன்னும் அதே டிஸ்க்கில் இருக்கிறது. அந்த இரைச்சல் துண்டுகளில் வராமல்போன எட்டில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.